பூட்டுக்குப் பேச்சுப் பயிற்சி

என் வீட்டுக்காரருக்கு விமானப்படையில் அவருடைய ஸ்குவாட்ரனில் வைத்திருந்த பெயர் பூட்டு. வைத்தவர்கள் நல்லா இருக்கட்டும், எனக்கு அந்த வேலை மிச்சம். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவர் என்னிடம் பேசியதையெல்லாம் எழுதினால் ஒரு பள்ளிக்கூட நோட்டில் பாதிகூட நிரம்பாது. "சாப்பிட்டீங்களா?" என்றால் "ம்." "இன்னும் வேணுமா?" என்றால் அதற்கும் "ம்." முதல் "ம்"முக்கும் இரண்டாவது "ம்"முக்கும் என்ன வித்தியாசம் என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

போர் விமானம் ஓட்டுகிறவர்களிடையே இது பெரிய குணமாம். வானொலியில் வளவளவென்று பேசுகிறவனை அங்கே யாருக்கும் பிடிக்காது. இரண்டு வார்த்தையில் முடிக்க வேண்டியதை இவர் ஒரு வார்த்தையில் முடிப்பார் என்று மேலதிகாரி ஒருவர் என்னிடமே பாராட்டிச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தையையாவது வீட்டுக்கு அனுப்பிவையுங்கள் என்று அவரிடம் சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

புது விமானங்களைச் சோதித்து ஓட்டும் விமானிகளுக்கான பள்ளிக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். நாற்பத்தெட்டு வாரப் படிப்பு. நான் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்க்கிறவள். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தவள், ஒரு வருஷம் லீவு போட்டுவிட்டு அவரோடு வந்தேன். ஆயிரக்கணக்கான நெஞ்சுக்கூடுகளை விளக்கு வெளிச்சத்தில் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு மனிதர் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியவே தெரியாது.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை கொடுத்தார்கள். கட்டில், மேசை, நாற்காலி என்று எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர். குளியலறை வாளிக்குக்கூட நம்பர் உண்டு, எனக்கு மட்டும்தான் போடவில்லை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஓடுதளத்தின் ஒரு முனை தெரியும். காலையில் அவர் போனதும் ஜன்னல் கண்ணாடி அதிர ஆரம்பிக்கும். போகிற விமானங்களை எண்ணுவேன், வருகிற விமானங்களை எண்ணுவேன், கணக்குச் சரியாக இருந்தால் அடுப்பைப் பற்றவைப்பேன். பேச ஒரு ஜீவன் கிடையாது. சில நாள் காய்காரரிடம் விலை கேட்டதுதான் நான் அன்றைக்குப் பேசிய மொத்தப் பேச்சாக இருக்கும்.

இவ்வளவு தனிமை எனக்குப் புதிதில்லை. அது நான்கு வருஷத்துக்கு முன்பே ஆரம்பித்தது. ஏழாவது மாதத்தில் எனக்குத் திடீரென்று ரத்தப்போக்கு. மயக்க மருந்து கொடுத்து அவசரமாக அறுத்தார்கள். பெண் குழந்தை, உயிர் இல்லை. எனக்குக் காய்ச்சல் கண்டு, நினைவு சரியாகத் திரும்பியபோது மூன்று நாள் ஆகியிருந்தது, எல்லாம் முடிந்திருந்தது. குழந்தையைக் கையில் வாங்கியவர் அவர்தான். செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டு வந்தவரும் அவர்தான். நான் என் மகளைப் பார்க்கவே இல்லை. அன்றைக்குப் பணியில் இருந்த நர்ஸைத் தேடிப்பிடித்து ஒருமுறை போனில் கேட்டேன். "எத்தனையோ பார்க்கிறோம்மா, ஞாபகம் இல்லை" என்றார். ஆக, அந்த முகம் இந்த உலகத்தில் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. அந்த ஒருவர் பூட்டு.

எத்தனை தடவை கேட்டிருப்பேன்? முதல் வருஷம் அழுது கேட்டேன், இரண்டாம் வருஷம் சண்டை போட்டுக் கேட்டேன். அவர் எழுந்து போய் ஷூவுக்குப் பாலிஷ் போடுவார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டேன். ஆசையை விடவில்லை.

படிப்பு ஆரம்பித்துப் பத்தாவது வாரம் பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள். அவளும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள், சோதனைப் பறப்பு இன்ஜினியர் பிரிவில். இரண்டு இருக்கை விமானத்தில் இவர் முன்னால் உட்கார்ந்து ஓட்டுவார், அவள் பின்னால் உட்கார்ந்து முழங்காலில் கட்டிய அட்டையில் குறித்துக்கொண்டே வருவாள். முப்பது வயது, தனிக்கட்டை, வாய் ஓயாது. நான் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தேன்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சார் மேல போனா வாயே திறக்க மாட்டேங்கறார்."

"கீழ மட்டும் திறக்கறாராக்கும்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை எழுத்தில் எச்சரிக்கை கொடுத்துவிட்டார்களாம். மூன்றாவது வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பழைய ஸ்குவாட்ரனுக்கே போக வேண்டியதுதான். ஓட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் இங்கே நன்றாக ஓட்டினால் மட்டும் போதாது, ஓட்டும்போதே வாயால் சொல்லிக்கொண்டே வர வேண்டும். என்ன செய்கிறேன், என்ன பார்க்கிறேன், கைக்கு என்ன தெரிகிறது, எவ்வளவு, எப்போது. எல்லாம் டேப்பில் ஏறும், அதே நேரத்தில் கீழே இருப்பவர்களுக்கும் கேட்கும்.

"மெஷின்தான் எல்லாத்தையும் பதியுமே?" என்றேன்.

"வேகம், உயரம் எல்லாம் பதியும்க்கா. பிடிச்சு ஓட்டற ஸ்டிக் கைல எப்படி இருந்துச்சுன்னு எந்த மெஷின் சொல்லும்? அது ஓட்டறவருக்கு மட்டும்தான் தெரியும். கீழ வந்து நிதானமா சொல்லிக்கலாம்னு இருக்க முடியாது. விமானம் திரும்பி வரலேன்னா குரல் மட்டும்தானே..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எழுந்து அடுப்பில் கொதித்த டீயை இறக்குவதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அவளே ஒரு வழியும் சொன்னாள். எல்லாப் பயிற்சிக்காரர்களும் செய்வதுதானாம். வீட்டில் எந்த வேலை செய்தாலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வது. கை ஒரு வேலையில் இருக்கும்போது வாய் நின்றுவிடும், அதை நிற்கவிடாமல் பழக்க வேண்டும். அதற்குக் கேட்க ஓர் ஆள் வேண்டும், நிறுத்தினால் அதட்ட வேண்டும். "நீங்கதான்க்கா எக்ஸாமினர்," என்றாள். ஒன்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் பதவி உயர்வு.

தினமும் மாலை ஆறு மணியிலிருந்து ஏழு வரை என்று வைத்துக்கொண்டோம். முதல் நாள் முட்டை பொரிக்கச் சொன்னேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு குத்துக்கல் மாதிரி நின்றார்.

"பேசுங்க."

"அடுப்பு... பத்த வச்சாச்சு."

"அப்புறம்?"

"எண்ணெய் விடறேன்."

"எவ்வளவு?"

"ஒரு கரண்டி. எண்ணெய் வலப்பக்கம் ஓடுது. அடுப்பு சாஞ்சிருக்கு. ரெண்டு டிகிரி. பின்னாடி வலது கால்ல ரப்பர் இல்ல."

பத்து வாரமாக என் முட்டையெல்லாம் ஒரு பக்கம் தீய்ந்துகொண்டிருந்தது. காரணம் புரியாமல் வாணலியை மாற்றியிருந்தேன்.

"இது எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?"

"வந்த அன்னிக்கே."

கரண்டியைப் பிடுங்கித் தலையில் ஒன்று போடலாமா என்று வந்தது. எக்ஸாமினர் அப்படிச் செய்யக் கூடாது என்பதால் விட்டேன். மறுநாள் ஒரு துண்டு ரப்பரை வெட்டி வைத்தார், அதையும் சொல்லிக்கொண்டே வைத்தார்.

பாத்திரம் கழுவினார், சட்டைக்குப் பித்தான் தைத்தார், மார்க்கெட்டுக்குக் கார் ஓட்டினார். எல்லாவற்றுக்கும் வர்ணனை. கிளட்ச் எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறது, எந்த வளைவில் ஸ்டீயரிங் கனக்கிறது என்று சாலை முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். "நல்லா இருக்கு", "மோசமா இருக்கு" என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படிச் சொன்னால் நான் கோடு போட வேண்டும், ஐந்து கோடு விழுந்தால் அன்றைய பயிற்சி தோல்வி. உப்புச் சப்பில்லாத பேச்சுதான். ஆனால் காது காய்ந்து கிடந்தவளுக்கு அது போதும் என்று இருந்தது. ஐந்தரை மணிக்கே முகம் கழுவிக்கொண்டு தயாராக உட்கார்ந்துவிடுவேன். வெட்கமாகத்தான் இருந்தது.

பயிற்சி தொடங்கிய மூன்றாவது வாரம் ஒரு நாள், செய்ய வேலை ஒன்றும் அகப்படவில்லை. "என்னைப் பார்த்துச் சொல்லுங்க," என்றேன் விளையாட்டாக.

பார்த்தார். "உட்கார்ந்திருக்க. எடை இடப்பக்கம். வலது இடுப்பு வலி, நாலு நாளா. எழுந்திருக்கும்போது மேசைய ஊனற. மத்தியானம் சாப்பிடல, தட்டு காஞ்சு கிடக்கு. இந்த வாரத்துல இது மூணாவது தடவ. காலைல அழுதிருக்க. இடது கண்ணு ஓரம் சிவப்பு." மூச்சு விட்டுவிட்டுத் தொடர்ந்தார். "வெள்ளிக்கிழமைன்னா அழற."

குழந்தை போனது ஒரு வெள்ளிக்கிழமை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இத்தனையும் பார்த்திருக்கிறார். ஒன்பது வருஷமும் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருக்கிறார். கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "பத்துக்கு எட்டு," என்று மார்க் போட்டேன்.

குழந்தையின் முகத்தைப் பற்றி அன்றைக்கே கேட்டிருக்கலாம். பயிற்சி கெட்டுவிடுமோ, பழையபடி வாய் அடைத்துக்கொள்ளுமோ என்ற பயத்தில் விழுங்கிவிட்டேன். மூன்றாவது எச்சரிக்கை அவருக்கு வந்தால் அவர் போவது ஸ்குவாட்ரனுக்கு, எனக்கு என் மகள் போய்விடுவாள். அவர் பேசப் பழகிக்கொண்டால், ஒரு நாள், கேட்காமலேயே சொல்லுவார் என்று நம்பினேன்.

அந்தச் சமயத்தில் அவர்களோடு படித்த ஒருவனைத் திருப்பி அனுப்பினார்கள். நன்றாகப் பேசுகிறவன், டேப்பில் ஒரு நொடி இடைவெளி இருக்காது. ஒரு சோதனையில் இறக்கை எந்த வேகத்தில் சாய்ந்தது என்று அவன் கவனிக்கவில்லை. கவனிக்கவில்லை என்று சொல்லாமல், இருக்கக்கூடிய ஒரு எண்ணைச் சொல்லிவிட்டான். மெஷின் வேறு எண் காட்டியது. "பேசாதவரைக்கூட வச்சுக்குவாங்கக்கா. பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்றவனை ஒரு நாள்கூட வச்சுக்க மாட்டாங்க," என்றாள் ரேடியோ. அவன் மனைவி படியில் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பெட்டியை நானும் பிடித்தேன்.

இருபதாவது வாரம் அவருக்குத் தீர்ப்பு நாள். உயரத்தில் போய் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் கைவிடும் இடத்தைத் தொட்டுப் பார்த்து, மறுபடி மீட்டுக் கொண்டுவர வேண்டும். பன்னிரண்டு தடவை. பன்னிரண்டையும் வாயால் சொல்ல வேண்டும். நான் காலையிலிருந்து ஜன்னலை விட்டு நகரவில்லை. பத்து மணிக்குப் போனது பதினொன்றேகாலுக்குத் திரும்பியது. அன்றைக்கு எண்ண வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், அதையும் இரண்டு தடவை எண்ணினேன்.

மத்தியானம் ரேடியோ படி ஏறும்போதே கத்தினாள். "அக்கா, பாஸ்! எழுபது நிமிஷம்க்கா. ஒரு இடத்துலகூட நிக்கல. ஒன்பதாவதுல இறக்கை சடார்னு கவுந்துச்சு, எனக்கு உயிர் தொண்டைக்கு வந்துருச்சு. சார் குரல்ல ஒரு ஆட்டம் இல்ல. 'இடது இறக்கை விழுது, நாப்பது டிகிரி, ஸ்டிக் முன்னால, கை லேசா இருக்கு'ன்னு பால் கணக்குச் சொல்ற மாதிரி சொல்றார். அடுத்த வகுப்புக்கு இந்த டேப்பைத்தான் போடப்போறாங்களாம்."

அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் போன பிறகுதான் சுருக்கென்று உறைத்தது. பாஸ் ஆகிவிட்டார் என்றால் எங்கள் ஆறு மணிப் பயிற்சி முடிந்துவிட்டது.

சாயங்காலம் வந்தார். குளித்தார். நான் டீ கொடுத்தேன். ஆறு மணி ஆயிற்று. ஆறரையும் ஆயிற்று. நம்பர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டிருந்தார், எப்போதும்போல. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வகுப்புப் பையன்கள் எல்லாம் இவர் குரலைக் கேட்பார்கள், நான்தான் கேட்க முடியாது என்று நினைத்தபோது கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"எல்லாருக்கும் சொல்லிட்டீங்க இல்ல? எனக்கும் ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்கு ஆஸ்பத்திரில என்ன நடந்துச்சு? மேல சொல்ற மாதிரியே சொல்லுங்க. நான் அழ மாட்டேன்."

கப்பைக் கீழே வைத்தார். ஷூ இருக்கும் மூலையைப் பார்த்தார். எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். எழவில்லை. அந்தக் குரல் வந்தது, ஆறிலிருந்து ஏழு வரைக்கும் வருகிற குரல்.

"பதினொன்னு அஞ்சுக்குக் கதவு திறந்துச்சு. நர்ஸ் வந்தாங்க. வெள்ளைத் துணில சுத்தியிருந்துச்சு, ஓரத்துல நீலக் கோடு. கைய நீட்டச் சொன்னாங்க. நீட்டினேன்."

"ம்," என்றேன்.

"நினைச்சதைவிட எடை கூட. ஒன்னேகால் கிலோ இருக்கும். ஒரே சீரா இல்ல, தலைப்பக்கம் கனம். தலை என் இடது முழங்கை மடிப்புல. துணியைத் தாண்டிச் சூடு தெரிஞ்சுது. பதினோரு நிமிஷம் வச்சிருந்தேன். கடைசி மூணு நிமிஷம் சூடு குறைஞ்சுது."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். "முகம்? யாரு ஜாடைங்க?"

மேசையில் இருந்த அவர் கை விரல்கள் மடங்கின.

"சொல்லுங்க."

"பார்க்கல."

"துணி மூடியிருந்துச்சா?"

"இல்ல. முகம் திறந்துதான் இருந்துச்சு. நான் எதிர்ச் சுவரைப் பார்த்துட்டிருந்தேன். தீயணைக்கிற சிலிண்டர் ஒண்ணு மாட்டியிருந்தாங்க. செக் பண்ண தேதி எழுதின அட்டை தொங்கிட்டிருந்துச்சு. அதைப் படிச்சுட்டிருந்தேன். பதினோரு நிமிஷமும். நர்ஸ் ரெண்டு தடவ 'பாருங்க சார்'னாங்க. பார்க்க முடியல. வாங்கிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறமும் பார்க்கல."

அப்புறம் சொன்னார், "நீ கேக்கறப்பல்லாம், சொல்றதுக்கு எங்கிட்ட எதுவும் இல்ல."

நான்கு வருஷமாக அவரிடம் இருக்கிறது, எனக்குத் தராமல் வைத்திருக்கிறார் என்று நான் நினைத்திருந்த முகம் யாரிடமும் இல்லை. அவரிடமும் இல்லை. எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம்தான். "உன் ஜாடைதான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். சாகிற வரைக்கும் நம்பியிருப்பேன். "ஒரு தடவ குனிஞ்சு பார்த்தா என்ன குறைஞ்சிருக்கும் உங்களுக்கு?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் ரேடியோவுக்குக் கேட்டிருக்கும். கேட்டால் கேட்கட்டும். சமையலறைக்குப் போய் அகப்பட்ட பாத்திரத்தையெல்லாம் தொட்டியில் போட்டு உருட்டினேன். அவர் வந்து தடுக்கவில்லை, ஷூ மூலைக்கும் போகவில்லை. எட்டிப் பார்த்தேன். அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கை மட்டும் மடங்கி, நெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தது. அது அப்படி இருப்பது அவருக்குத் தெரியவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன்.

"எடை எவ்வளவுன்னு சொன்னீங்க?"

"ஒன்னேகால்."

"திரும்பச் சொல்லுங்க. கதவு திறந்ததுலேருந்து."

சொன்னார். எண்கள் மாறவில்லை, கோடு நீலம்தான், தலைப்பக்கம்தான் கனம். மறுபடியும் கேட்டேன், மறுபடியும் சொன்னார். அந்தத் தடவை சூடு குறைந்த இடத்துக்கு வந்ததும் எழுபது நிமிஷம் நிற்காத குரல் நின்றுவிட்டது. நான் கோடு போடவில்லை. அவர் தொடரும் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.